தலைநகரம் இடம் மாறலாம், சனம் எங்க போறது?

உலகத்திலேயே பெரிய நகரம் எது என்று கேட்டால் ரோக்கியோ என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். பொது அறிவுப் புத்தகங்களிலும் அப்பிடித்தான் இருந்தது. 2025 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட அறிக்கை அந்த விடையை மாற்றிவிட்டது. இப்ப முதலாமிடத்தில் இருப்பது இந்தோனேசியாவின் ஜகார்த்தா. கிட்டத்தட்ட 4 கோடி 20 லட்சம் பேர். டாக்கா இரண்டாவது, ரோக்கியோ மூன்றாவது. இலங்கையில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரு நகரத்துக்குள் கொண்டுபோய் விட்டு, பிறகு இன்னொருக்கா அதே அளவு ஆக்களையும் விட்டால் எப்பிடி இருக்கும், ஏறத்தாழ அதுதான் ஜகார்த்தா.

உலகத்தின் முதலாவது பெரிய நகரம் என்று பெயர் வாங்கிய இந்த நகரத்தை விட்டு அந்த நாட்டின் அரசாங்கமே வெளியேறப் பார்க்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம், ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, போர்ணியோத் தீவின் காட்டுக்குள் 'நுசந்தரா' என்ற புதிய தலைநகரத்தைக் கட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாச் செய்தியிலும் ஒரே வசனம்: 'ஜகார்த்தா கடலுக்குள் மூழ்குகிறது.'

அந்த வசனத்தோடதான் எனக்குப் பிரச்சினை. அது பொய்யில்லை. ஆனால் ஏதோ கடல் தன்பாட்டுக்கு வந்து நகரத்தை விழுங்குவது மாதிரியும், அதை ஆராலயும் ஒண்டும் செய்யேலாது மாதிரியும் அது கதையை முடித்துவிடுகிறது. உண்மையில் ஜகார்த்தா மூழ்குவது தண்ணீர்க் குழாய் ஆருக்குப் போட்டார்கள், ஆருக்குப் போடவில்லை என்ற கேள்வியோடு கட்டுப்பட்ட விசயம்.

நாலு பெயர், ஒரு ஊர்

முதலில் ஊரைக் கொஞ்சம் பார்ப்பம்.

ஜாவாத் தீவின் வடக்குக் கரையில், சிலிவுங் ஆறு கடலில் விழும் இடத்தில் சுந்தா கெலாப்பா என்றொரு துறைமுகம் இருந்தது. 1527இல் அது ஜயகார்த்தா ஆனது. அந்த வருசம் ஜூன் 22ஐத்தான் இன்றைக்கும் நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 1619இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அதை எரித்து அழித்து, மேலே பத்தாவியாவைக் கட்டியது. 1942இல் ஜப்பானியர் வந்து பத்தாவியாவை ஜகார்த்தா ஆக்கினார்கள். 1945 ஓகஸ்ட் 17 அன்று சுகார்ணோ சுதந்திரப் பிரகடனத்தை வாசித்ததும் இங்கேதான்.

இந்தப் பத்தாவியா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கொழும்பு, யாழ்ப்பாணம், காலி எல்லாம் ஒல்லாந்தர் கையில் இருந்த காலத்தில் மேலிடத்துக் கட்டளை வந்தது பத்தாவியாவில் இருந்துதான். அங்கே தங்களுக்குத் தொல்லையாய் இருந்த அரசர்களையும் இளவரசர்களையும் பிடித்து இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். ஜாவாவின் மூன்றாம் அமங்குராத் அரசர் 1708இல் அப்பிடித்தான் இங்கே வந்து சேர்ந்தார். அவர்களோடும் அவர்களுக்குப் பிறகும் வந்த ஆக்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய இலங்கை மலாயர்களில் பலர். கொழும்பு கொம்பனித்தெருவில் 'ஜாவா லேன்' என்றொரு ஒழுங்கைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சுகார்ணோவுக்கு உலகத்துக்குக் காட்ட ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பெரிய மைதானம், ஹோட்டல் இந்தோனேசியா, அகன்ற தெருக்கள், பிறகு 132 மீற்றர் உயரத்தில் உச்சியில் தங்கச் சுவாலையோடு தேசிய நினைவுத்தூண். தென்கிழக்கு ஆசியாவின் மிகப்பெரிய பள்ளிவாசலான இஸ்திக்லாலை வடிவமைத்தவர் ஒரு கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர், பிரடெரிக் சிலாபான். அது கத்தோலிக்கப் பேராலயத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. இப்ப இரண்டுக்கும் நடுவில் நிலத்துக்குக் கீழால் ஒரு நடைபாதையும் உண்டு.

ஜகார்த்தாவின் நிர்வாக எல்லை வெறும் 660 சதுர கிலோமீற்றர்தான். அதற்குள் ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல் சனம். மிச்சம் எல்லாம் போகோர், டெப்போக், தாங்கெராங், பெக்காசி என்று சுற்றியிருக்கும் ஊர்களில். விடிய எழும்பி ரயிலிலும் மோட்டார் சைக்கிளிலும் உள்ளே வந்து, இருட்டினபிறகு திரும்பிப் போகிற கூட்டம் அது. 2004இல் தொடங்கின ட்ரான்ஸ்ஜகார்த்தா பஸ்களுக்குத் தனிப்பாதை உண்டு, ஒரு பயணத்துக்கு 3,500 ரூபியா. 2019இல் மெட்ரோவும் வந்தது. 'ஜகார்த்தா எண்டால் ட்ராபிக்' என்று மட்டும் நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேணும். ஏலாத நகரம் இல்லை அது. செய்ய வேணும் என்று நினைத்த இடத்தில் செய்து காட்டியிருக்கிறது.

நிலம் எப்பிடி இறங்குது?

வட ஜகார்த்தாவின் சில இடங்கள் 1970களில் இருந்து இன்றுவரை ஏறத்தாழ 4 மீற்றர் இறங்கியிருக்கின்றன. மாடி வீட்டின் ஒரு தட்டையும் தாண்டின ஆழம். நகரத்தின் ஏறத்தாழ 40 வீதம் இப்ப கடல் மட்டத்துக்குக் கீழே. முவாரா பாரு என்ற மீன்பிடித் துறைமுகப் பகுதியில் கடலோரமாக ஒரு கொங்கிறீற்று மதில் ஓடுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் தெரு, கடலை விடப் பதிவாக. சனம் அந்த மதிலுக்குக் கீழே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்புகிறது. மதிலுக்கு வெளியே வால் அதுனா என்றொரு பள்ளிவாசல் தண்ணீருக்குள் நிற்கிறது. ஒருகாலத்தில் அங்கே தொழுகை நடந்தது.

கடல் மட்டம் உயர்கிறது, உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். உலகளவில் கடல் உயர்வது வருசத்துக்கு 3, 4 மில்லிமீற்றர். ஜகார்த்தாவின் மோசமான இடங்களில் நிலம் இறங்கினது வருசத்துக்குப் பல சென்ரிமீற்றர். ஆக, கடல் ஏறுகிற வேகத்தை விட நிலம் இறங்குகிற வேகம் பல மடங்கு.

காரணம் நிலத்தடி நீர். ஜகார்த்தா நிற்பது ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் மேல். ஆழத்தில் மணலும் களியும் மாறி மாறிப் படையாக இருக்கின்றன. களிப்படையின் துளைகளில் இருக்கும் தண்ணீர்தான் அதைத் தாங்குகிறது. ஆழக் குழாய்க் கிணறு அடித்துத் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மேலேயிருக்கும் பாரத்தில் அந்தக் களி நசிந்து இறுகிப்போகும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அது பழைய மாதிரி ஊதி வராது. மேலே கட்டடங்களின் பாரமும் உண்டு, வண்டல் மண் தானாக இறுகுவதும் உண்டு. ஆனால் முக்கியமான காரணம் தண்ணீர் எடுப்பதுதான்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை நீட்டி விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட நிலம் சுண்ணக்கல், அது வேற கதை. ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகும் என்பதும், நிலத்துக்குக் கீழே இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு என்பதும் எங்கட வீடுகளில் பழங்கதை. ஜகார்த்தாவின் வடக்கிலும் கிணறுகள் உவராகிவிட்டன. அதனால் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். அதனால் இன்னும் இறங்கியது.

நிலம் இறங்கினால் வெள்ளமும் வேற மாதிரி வரும். 13 ஆறுகள் ஜகார்த்தா வழியாகக் கடலுக்குப் போகின்றன. கடலை விட நிலம் பதிந்துபோனால் ஆறு தானாக எப்பிடிக் கடலுக்குப் போகும்? பம்ப் வைத்துத்தான் தள்ள வேணும். 2020 புதுவருசத்தன்று பெய்த மழையில் ஜகார்த்தாவிலும் சுற்றுப்புறங்களிலும் 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

குழாய் ஆருக்கு?

13 ஆறு ஓடுகிற, வெள்ளத்தில் மிதக்கிற நகரத்தில் சனம் ஏன் ஆழத்தில் இருந்து தண்ணீர் உறிஞ்ச வேணும்?

ஏனெண்டால் குழாயில் தண்ணீர் வரவில்லை. இது நேற்று முந்தநாள் தொடங்கின கதையும் இல்லை. ஒல்லாந்தர் 1920களில் போகோர்ப் பக்கத்து ஊற்றுகளில் இருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தபோது அது முதன்மையாகப் போனது ஐரோப்பியரின் வீடுகளுக்கு. 'கம்பொங்' என்று சொல்கிற உள்ளூர்க் குடியிருப்புகளுக்கு பொதுக் குழாய்தான், அதுவும் கொஞ்ச இடத்தில். சுதந்திரத்துக்குப் பிறகு போட்ட புதுக் குழாய்களும் முதலில் எட்டிப்பார்த்தது பெருந்தெருக்களையும் ஹோட்டல்களையும் நல்ல வசதியான குடியிருப்புகளையும்தான். ஆட்சி மாறியது, குழாயின்ர வழி பெரிசா மாறேல்லை.

பிறகு 1997. சுகார்த்தோ ஆட்சியின் கடைசிக் காலம். ஜகார்த்தாவின் தண்ணீர் விநியோகத்தை 25 வருசத்துக்குத் தனியாருக்குக் கொடுத்தார்கள். சிலிவுங் ஆற்றை எல்லையாக வைத்து நகரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேற்குப் பக்கம் பிரான்சின் சுயஸ் கொம்பனிக்கு, கிழக்குப் பக்கம் பிரித்தானியாவின் தேம்ஸ் வோட்டருக்கு. இரண்டு கொம்பனிக்கும் உள்ளூர்ப் பங்காளிகள் இருந்தார்கள். மேற்கில் ஜனாதிபதிக்கு நெருக்கமான சலீம் குழுமம், கிழக்கில் ஜனாதிபதியின் மகன்.

சனம் சும்மா இருக்கவில்லை. 2012இல் வழக்குப் போட்டார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் சனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருசமே அரசாங்கத்தின் மறுபரிசீலனை மனுவில் அந்தத் தீர்ப்புப் புரட்டப்பட்டது. கடைசியில் ஒப்பந்தம் தன் முழுக்காலத்தையும் ஓடி 2023 ஜனவரியில்தான் முடிந்தது. 25 வருசம் முடிந்தபோதும் குழாய்த் தண்ணீர் போய்ச் சேர்ந்தது நகரத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும்.

மிச்சப் பேர் என்ன செய்வார்கள்? வசதியான ஆக்கள், ஹோட்டல்கள், மால்கள், ஆலைகள் எல்லாம் ஆழக் கிணறு அடித்தார்கள். வசதியில்லாத ஆக்கள் கைவண்டியில் கான் கானாகக் கொண்டுவந்து விற்கிற தண்ணீரை வாங்கினார்கள். லீற்றர்க் கணக்கில் பார்த்தால் குழாய் வீட்டுக்காரர் கட்டுவதை விடப் பல மடங்கு விலை. குழாயில்லாத ஏழைதான் தண்ணீருக்குக் கூடக் காசு கட்டுகிறான்.

இதுக்குள்ள கவனிக்க ஒரு விசயம் இருக்கு. ஆழத்துத் தண்ணீரைப் பெரிய பம்பால் உறிஞ்சக் கூடியவன் உயரமான கட்டடத்தில் இருக்கிறான். நிலம் இறங்கும்போது மதிலுக்குக் கீழே நிற்கிறவன் மீன்பிடித் தொழிலாளி. உறிஞ்சினவரும் மூழ்குகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆக்கள் இல்லை. 'ஜகார்த்தா மூழ்குகிறது' என்ற வசனம் இந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கி விடுகிறது.

முதலில் எழுப்பப்படுகிறவர்கள்

வெள்ளத்தைத் தடுக்கிறம் என்று சொல்லி ஜகார்த்தா அரசாங்கம் முதலில் கை வைத்தது கம்பொங்குகளில். 2015இல் சிலிவுங் கரையோரம் கம்பொங் புலோ, 2016இல் புக்கிட் டூரி, அதே வருசம் ஏப்ரலில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கம்பொங் அக்குவாரியம். இயந்திரங்கள் வந்தன, வீடுகள் போயின. ஆக்களைத் தொழிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூரமான தொடர்மாடிகளுக்குப் போகச் சொன்னார்கள்.

கொழும்பில் இருக்கிற ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதை. மேலே சொன்ன ஜாவா லேன் சனத்தையும் 'அபிவிருத்தி' என்று சொல்லி எழுப்பித் தொடர்மாடிகளுக்கு அனுப்பினதுதானே.

ஆனால் கம்பொங் அக்குவாரியத்து ஆக்களில் ஒரு பகுதி போகவில்லை. இடிச்ச கல்லுக்கும் மண்ணுக்கும் மேலேயே கூடாரம் போட்டு இருந்தார்கள். அடுத்த ஆளுநர் தேர்தலில் தங்கள் வாக்கை வைத்துப் பேரம் பேசினார்கள். கடைசியில் அதே இடத்தில் அவர்களுக்காகத் தொடர்மாடி கட்டப்பட்டு, 2021 ஓகஸ்ட் 17, சுதந்திர தினத்தன்று திறக்கப்பட்டது. இடித்தால்தான் வெள்ளம் வடியும் என்றவர்களுக்கு, இடிக்காமலும் திட்டம் போடலாம் என்று அந்தச் சனம் காட்டினது. ஜகார்த்தாவைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு மூழ்கின பள்ளிவாசலை விட இந்தத் தொடர்மாடிதான் முக்கியமாகப் படுகிறது.

ஓடுகிற தலைநகரம்

ஜகார்த்தாவில் இருந்து ஆட்சி ஓடுவது இது முதல்தரம் இல்லை. ஒல்லாந்தர் தங்கள் ஊர் ஞாபகத்தில் பத்தாவியா முழுக்க வாய்க்கால் வெட்டினார்கள். சூட்டு நாட்டில் அந்த வாய்க்கால்கள் அடைத்து நாறின. மலேரியாவில் ஆக்கள் கூட்டமாகச் செத்தார்கள். வசதியானவர்கள் தெற்கே மேட்டு நிலத்துக்குப் போனார்கள். 1808இல் வந்த ஆளுநர் டாண்டெல்ஸ் பழைய கோட்டையையே உடைத்து, ஆட்சியைத் தெற்கே வெல்டவ்ரேடன் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பெயருக்கு 'நல்ல திருப்தி' என்று அர்த்தம். ஆட்சிக்குத் திருப்திதான். பழைய நகரத்தில் மிஞ்சினவர்கள் அதே வாய்க்கால் கரையில் இருந்தார்கள்.

இப்ப நுசந்தரா. ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ 2019 ஓகஸ்டில் இடத்தை அறிவித்தார், 2022இல் சட்டம் நிறைவேறியது, 2024இல் முதன்முறையாகச் சுதந்திர தின விழா அங்கே நடந்தது. அடுத்த ஜனாதிபதி பிரபோவோ சுபியாந்தோ காலத்தில் வேகம் குறைந்தது. 2025இல் விழா திரும்ப ஜகார்த்தாவுக்கு வந்துவிட்டது, 2028இல் நுசந்தரா 'அரசியல் தலைநகர்' ஆகும் என்கிறார்கள். அது எழும்புகிற இடத்திலும் ஏற்கெனவே ஆக்கள் இருக்கிறார்கள். பாலிக் பழங்குடிகளின் நிலம் அது.

நுசந்தராவுக்குச் சார்பான நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளவும் கூடாது. இந்தோனேசியா ஆயிரக்கணக்கான தீவுகளின் நாடு. அதில் ஜாவா என்ற ஒரு தீவில் மட்டும் பாதிக்கு மேல் சனமும் பாதிக்கு மேல் பொருளாதாரமும். மற்றத் தீவுக்காரருக்கு 'எல்லாம் ஜகார்த்தாவுக்குத்தான்' என்ற ஆதங்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு பஸ் ஏறுகிற எங்களுக்கு அது விளங்கும். ஆனால் அதிகாரத்தைப் பகிர்வதும் அமைச்சுக் கட்டடங்களை இடம் மாற்றுவதும் ஒன்றில்லை. நுசந்தராவின் திட்டமே 2045இல் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குத்தான். அத்தனை பேரும் ஜகார்த்தாவில் இருந்தே போனாலும் 4 கோடிப் பேர் அங்கேயே இருப்பார்கள். கிணறுகளும் இருக்கும்.

எனக்கு இதை விடப் பெரிய பயம் வேற. தலைநகரம் என்பது சனம் போய்க் கத்தக்கூடிய இடம். 1998 மேயில் மாணவர்கள் ஜகார்த்தாவில் நாடாளுமன்ற வளாகத்துக்குள் புகுந்து கூரை மேல் ஏறி நின்றார்கள். அந்த மாதம் 21ஆம் திகதி, 32 வருசம் ஆண்ட சுகார்த்தோ பதவி விலகினார். 2025 ஓகஸ்டில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டுப்படி மட்டும் மாதம் 5 கோடி ரூபியா, ஜகார்த்தாவின் அடிப்படைச் சம்பளத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு, என்ற செய்தியில் சனம் கொதித்து அதே நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடியது. அந்த நாட்களில் பொலிஸ் கவச வாகனம் ஏறி, மோட்டார் சைக்கிளில் வாடகைக்கு ஓடுகிற ஒரு இளைஞன் செத்தான். பச்சை ஜக்கெட் போட்ட அவனது தொழில்தோழர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். படி நிறுத்தப்பட்டது.

இதே நாடாளுமன்றம் கடலுக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருந்திருந்தால்? மோட்டார் சைக்கிளில் போகேலுமா?

எங்கட நாடாளுமன்றத்தையும் 1982இல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குக் கொண்டுபோனார்கள். ஜெப்ரி பாவா வடிவமைத்த வடிவான கட்டடம், தியவன்னா வாவியின் நடுவில், சுற்றிவரத் தண்ணீர். அது கொழும்புக்குப் பக்கம் என்றபடியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2022இல் சனம் கூடினது காலிமுகத்திடலில். ஜூலை 9 நுழைந்தது கொழும்பில் இருந்த ஜனாதிபதி மாளிகையில். காகிதத்தில் தலைநகரம் எதுவாக இருந்தாலும், சனம் நடந்து போகக்கூடிய தூரத்தில் அதிகாரம் இருந்தது. நுசந்தராவில் அது இருக்காது.

செய்யேலாத காரியமா?

இல்லை. ரோக்கியோவைப் பாருங்கள். அதன் கிழக்கில் கோட்டோப் பகுதியும் இப்பிடித்தான் 4 மீற்றருக்கு மேல் இறங்கியது, இதே காரணத்தால். 1956இலும் 1962இலும் சட்டம் போட்டு ஆலைகளும் கட்டடங்களும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். பதிலுக்கு ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1970களில் நிலம் இறங்குவது பெரும்பாலும் நின்றது. இறங்கினது திரும்ப எழும்பவில்லை. ஆனால் ரோக்கியோ ஓடவும் இல்லை.

ஜகார்த்தாவும் தொடங்கியிருக்கிறது. 2023 ஓகஸ்டில் இருந்து குறிப்பிட்ட பகுதிகளில் பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை. நகரத்தின் தண்ணீர் நிறுவனம் 2030க்குள் எல்லாருக்கும் குழாய் என்று இலக்கு வைத்திருக்கிறது. இந்த வேலையில் திறப்பு விழாவுக்கு நல்ல படம் வராது. தெருவைக் கிண்டி, குழாயைத் தாட்டு, திரும்ப மூட வேணும். ஜாவாவின் வடகரை நெடுக, ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு, 80 பில்லியன் டொலர் செலவில் கட்டப்போவதாக பிரபோவோ சொல்கிற இராட்சதக் கடல்மதிலுக்கு வருகிற கவர்ச்சி இதுக்கு வராது. ஆனால் மதிலுக்குப் பின்னால் நிலம் தொடர்ந்து இறங்கினால் மதிலையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

அதனால் 2030 வரைக்கும் ஜகார்த்தாவைப் பற்றி வருகிற செய்திகளில் நான் தேடப்போவது ஒன்றைத்தான். நுசந்தராவில் புது மாளிகை எவ்வளவு எழும்பினது என்பதை இல்லை, முவாரா பாருவில் எத்தனை வீட்டுக்குக் குழாய் போனது, அந்தக் குழாயில் தண்ணீர் வந்ததா என்பதை. கொழும்போ யாழ்ப்பாணமோ, எங்கட ஊர்த் திட்டங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கையில் வைத்திருங்கோ.